எழவு வீட்டுக் காட்சி

‘வேற்றாள்’ படத்தைப் பற்றி எனக்கு இதுவரை மூன்று அபிப்பிராயங்கள் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இருந்த காலத்தில் அது மட்டுமே சரி என்று நம்பினேன். இப்போது இருப்பது மூன்றாவது. இது இனி மாறாது. முதல் இரண்டைப் பற்றியும் இப்படித்தான் சொல்லியிருந்தேன் என்று முத்துக்குமரன் ஞாபகப்படுத்துவான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

படம் வெளியானபோது நானும் முத்துக்குமரனும் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். ஓர் உளவாளி, பேரையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவனாக வருகிறான். தன் பெயர் கருப்பு என்று சொல்லிக்கொள்கிறான். ஊருக்குள் ஆயுதம் பதுக்கும் ஒரு கூட்டத்தை வேவு பார்ப்பதுதான் அவன் வேலை. வேலை முடிந்து அவன் ஊரைவிட்டுத் தப்பவேண்டிய நாளில், அவனுக்குச் சோறு போட்ட வீட்டில் ஒரு சாவு. வீட்டுக்காரன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போகிறான். தெரு முழுக்க அந்தக் கூட்டத்தின் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தலைவன், செத்தவனின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். உளவாளி உள்ளே வந்து, பிணத்தின் கால்மாட்டில் சிறிது நேரம் நிற்கிறான். பிறகு கொல்லைப்பக்கம் திரும்புகிறான். திரும்பும்போது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம், “போயிட்டு வாரேன்” என்கிறான்.

தியேட்டர் வெடித்துவிட்டது.

எங்கள் பக்கம் எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்துவிட வேண்டும். ‘வாரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கத் தெரிவது மாதிரி தெரிந்துவிடும்.

“டேய், டைரக்டர் வீட்ல யாருமே செத்ததில்லையாடா!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. விளக்குமாற்றை எடு என்று ஒரு குரல். திரையில் அந்தப் பெண் எழுந்தாள். “அப்பிடிப் போடு! செருப்பக் கழட்டு ஆத்தா!” என்று இன்னொரு குரல். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் அடங்கியபோது உளவாளி வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தான். ஆட்கள் எல்லாம் எதிர்த்திசையில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து டீக்கடையில் என் தீர்ப்பைச் சொன்னேன். இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் எடுத்த படம். ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டான்.

“மாப்ள, அந்தக் கல்குவாரி பைட்டப் பாத்தியா இல்லையா? அதுக்கே குடுத்த காசு செமிச்சுப்போச்சு. நீ ஒத்த வார்த்தையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க,” என்றான் முத்துக்குமரன்.

“ஒத்த வார்த்தைலதான்டா ஆளு யாருன்னு தெரியும்.”

“அப்ப நீயே ஒரு படம் எடு. எழவு வீட்ல எல்லாரும் பேசாமயே போவாங்க. ஜனமும் பேசாமயே எந்திரிச்சுப் போயிரும்.”

அவன் அந்தப் படத்தைப் பிறகு பலமுறை பார்த்தான். சண்டைக் காட்சிகளின் வசனம் எல்லாம் மனப்பாடம். நான் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டேன். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட பிறகு எதற்கு மறுபடியும்?

விளையாட்டுக்கு மாப்ள என்று கூப்பிட்டவன் முறைக்கே கூப்பிடும்படி ஆனது. அவன் தங்கை அஸ்வினியை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவன் சமயநல்லூரில் பெயிண்ட் கடை வைத்தான். எனக்கும் அங்கேயே, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஒரு நூல் கம்பெனியின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. விளாங்குடியில் குடியிருந்தோம்.

ஒரு பொங்கல் அன்று டிவியில் ‘வேற்றாள்’ போட்டார்கள். மூன்று பேரும் கரும்பு தின்றுகொண்டே பார்த்தோம். இம்முறை விசில் இல்லை. அந்தக் காட்சி வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைரக்டர் தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்திருக்கிறான். உளவாளி ஊர்ப் பேச்சு, சாப்பாடு, நடை எல்லாம் பழகிவிட்டான். இந்த ஒன்றைப் பழகவில்லை. அவன் இந்தப் பக்கத்து ஆளே இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும் இடம் அது. அவள் தலை நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். எழுகிறாள். வாசல் பக்கம் ஓர் அடி வைக்கிறாள். அத்தோடு விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்தபோது உளவாளி கண்மாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

நான் இரண்டாவது தீர்ப்பைச் சொன்னேன். “ஆரம்பிக்கத் தெரிஞ்சிருக்கு, முடிக்கத் தெரியல. அவ கண்டுபிடிச்சிட்டா. வாசல்ல அவ அண்ணன் நிக்கிறான். ஒரு குரல் குடுத்தா முடிஞ்சது கதை. இவன் பாட்டுக்கு ஓடிப்போறான், அவிங்க பாட்டுக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறாய்ங்க. இதுல எங்க இருக்கு லாஜிக்கு?”

“ஹீரோ தப்பிக்கலேன்னா படம் எப்பிடி மாப்ள ஓடும்?” என்றான் முத்துக்குமரன்.

கரும்புச் சக்கையைப் பொறுக்கிக்கொண்டிருந்த அஸ்வினி, “அவ எதுக்கு எந்திரிச்சா?” என்றாள்.

“கோவத்துல.”

“கோவம்னா அவனப் பாத்துல்ல போகணும். வாசலப் பாத்து எதுக்குப் போறா?”

“அண்ணங்கிட்டச் சொல்லப் போயிருப்பா. அந்தச் சீன வெட்டிட்டாய்ங்க,” என்றேன்.

அவள் “ம்” என்று சக்கையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் சொல்வதை அவள் மறுத்துப் பேசுவது குறைவு. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்வேன். வீட்டில் எந்த விஷயத்துக்கும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருந்தது. எந்த டாக்டரிடம் போவது, எந்த ஸ்கூட்டர் வாங்குவது என்று முத்துக்குமரன்கூட என்னைக் கேட்டுத்தான் செய்வான். “மாப்ள சொன்னா தப்பாது” என்று கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

போன வருடம் அவன் காதில் ஒரு பேச்சு விழுந்தது. “உங்க ஆபீஸக் கோயமுத்தூருக்குத் தூக்கப்போறாங்களாம்ல?” என்று கேட்டான். நான் சிரித்தேன். “இங்க இருக்கிற கணக்க அங்க இருந்து எவனும் பாக்க முடியாது மச்சான். நான் சொல்றேன், எழுதி வச்சுக்க.”

இந்தப் பங்குனியில் தூக்கிவிட்டார்கள். கோயமுத்தூருக்கு வருகிறாயா என்று மரியாதைக்குக் கேட்டார்கள். வரவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அஸ்வினி காபி கொடுத்தாள். சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. நான் சொன்னது தப்பிவிட்டது என்று சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. வேறு வேலை கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நிச்சயம் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போலச் சட்டையை இன் செய்து, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்று கிளம்பினேன். சமயநல்லூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. அங்கே முத்துக்குமரன் கடை இருக்கிறது. ஊருக்குள் போனேன். தெரிந்த ஆடிட்டர்கள் இருவரைப் பார்த்தேன். மதியம் ஒரு பூங்காவில், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வாரங்கள் போயின. எனக்கு இது நன்றாக வருகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இன்றைக்கு யார் லீவு, யார் யாரோடு சண்டை என்று அஸ்வினி கேட்டால் சொல்ல, காலையிலேயே ஒன்றைத் தயார் செய்துவைப்பேன். அவள் கேட்கவில்லை. வெயில் காலம், அவளுக்கும் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் ‘வேற்றாள்’ மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. பழைய படங்களைக் கழுவித் துடைத்துப் புதிதாக விடுகிறார்கள் அல்லவா, அப்படி. பூங்காவில் நாள் முழுக்க உட்கார முடியாத வெயில். காலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன். ஏசிக்காகத்தான் போனேன். படம் எனக்குத் தெரியாததா?

உள்ளே அங்கொருவர் இங்கொருவராக நாலைந்து பேர். என்னைப் போலவே மடியில் பையோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழவு வீட்டுக் காட்சி வந்தது. “போயிட்டு வாரேன்” என்றான் உளவாளி. யாரும் சிரிக்கவில்லை. விசில் இல்லை, விளம்பரம் இல்லை. அந்தக் காட்சியை நான் முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் பக்கத்தில், பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. எழுகிறாள். அவனைப் பார்த்துப் போகவில்லை. முன்வாசலுக்குப் போகிறாள். நிலைப்படியில் ஒரு கையை வைத்து, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். தெருவிலிருந்து அண்ணன், “உள்ள வந்தவன் எங்க?” என்று கேட்கிறான். அவள் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அண்ணன் ஆட்களோடு அந்தப் பக்கம் ஓடுகிறான். அவள் அப்படியே நிற்கிறாள். படத்தில் அதற்கு இசைகூட இல்லை. ஓர் ஈ பறக்கும் சத்தம் கேட்கிறது.

லாஜிக் இருந்தது. தன் புருஷன் லாரியில் தானாக அடிபடவில்லை, அது அண்ணனின் வேலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்தவன் கருப்பு இல்லை என்றும் தெரிந்திருந்தது. ‘வாரேன்’ என்ற வார்த்தையில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றுதான். இவன் திரும்பி வருவான். அந்த வீட்டில் அன்றைக்கு வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மதுரை ஜனம் மொத்தமும் சிரித்தே அந்தக் காட்சியைத் தொலைத்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் திரையில் தப்பாகச் செய்கிறான் என்ற சந்தோஷத்தில் அடுத்த நிமிடத்தை விட்டுவிட்டோம். மூன்றாவது தீர்ப்பு அங்கேயே முடிவாகிவிட்டது. நல்ல படம்.

இடைவேளைக்குப் பிறகு படத்தை நான் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பொங்கல் அன்றைக்கே அஸ்வினி கேட்டாள், வாசலைப் பார்த்து எதற்குப் போகிறாள் என்று.

படம் முடிந்து பூங்காவுக்கு வந்து பையைத் திறந்தேன். டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்பூன், மடித்த பழைய செய்தித்தாள். அலுவலகத்தில் குடிதண்ணீர் இருந்தது, கை கழுவக் குழாய் இருந்தது, சாப்பிட மேசை இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் தண்ணீரோ ஸ்பூனோ வைத்ததில்லை. பெஞ்சில் விரிக்கச் செய்தித்தாளும் வைத்ததில்லை. எப்போதிருந்து வைக்கிறாள் என்று யோசித்தேன். சாவியை ஒப்படைத்த வாரத்திலேயே வந்துவிட்டது. நானும் தினமும் அந்தத் தாளை விரித்து, அந்த ஸ்பூனால் சாப்பிட்டிருக்கிறேன்.

அடையாள அட்டையை இரண்டு நாள் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். முன்பெல்லாம் தெருமுனை வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். இப்போது இரண்டு நாளும் அது ஆணியிலேயே தொங்கியது. போன வாரம் முத்துக்குமரன் வீட்டுக்கு வந்திருந்தபோது, “மதியம் உன் ஆபீஸுக்கு வாரேன் மாப்ள, சேந்து சாப்பிடுவோம்” என்றான். நான் பதில் தேடுவதற்குள் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது: “இப்பப் போகாதண்ணே. ஆடிட்டு நடக்குதாம், வாட்ச்மேன் உள்ளயே விடமாட்டான்.” எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஆடிட்டு என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை என்பது உறைக்கவில்லை.

வேப்பம்பூ மேலே விழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் தெரியுமே. சொல்லவேண்டிய ஆள் வேறு. அவள் பொய் சொன்னது அவள் அண்ணனிடம்.

ஞாயிற்றுக்கிழமை முத்துக்குமரனே மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றான். “கிளம்புங்க. இன்னைக்கு மாப்ளய ஒத்துக்க வைக்காம விடப்போறதில்ல.” மதியக் காட்சி. தியேட்டர் நிரம்பி வழிந்தது. பாதிக்குமேல் கல்லூரிப் பையன்கள். எழவு வீட்டில் உளவாளி வாயைத் திறந்ததும் அதே விசில், அதே கூச்சல். “ப்ரோ, ரிட்டர்ன் டிக்கெட் போட்டுட்டாரு!” என்று ஒருவன். முத்துக்குமரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் அஸ்வினியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையில் அந்தப் பெண் நிலைப்படியில் கை வைத்தபோது, இவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதற்கு மேல் இருவருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே வந்து பருத்திப்பால் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு முத்துக்குமரன் ஆரம்பித்தான். “சொல்லு மாப்ள. நல்ல படமா, இல்லையா?”

“நல்ல படம்.”

அவன் நம்பவில்லை. “என்னாது?”

“நல்ல படம் மச்சான். நான் சொன்னதுதான் தப்பு.”

“ஏ அஸ்வினி, உன் புருஷனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? தப்புங்கிறாரு!” அவன் சந்தோஷத்தில் பருத்திப்பாலைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். “இதுக்கே நாளைக்கு உன் ஆபீஸுக்குப் பிரியாணியோட வாரேன். வாட்ச்மேன் என்ன, உங்க எம்டி தடுத்தாலும் வாரேன்.”

“அண்ணே, ஆடிட்டு இன்னும்...” என்று அஸ்வினி தொடங்கினாள்.

“ஆடிட்டெல்லாம் இல்ல மச்சான்,” என்றேன். “ஆபீஸே இல்ல. பங்குனியிலயே கோயமுத்தூருக்குப் போயிருச்சு. நான் போகல. தினமும் ஊருக்குள்ள வேலை தேடிக்கிட்டு இருக்கேன். உன்கிட்ட எழுதி வச்சுக்கச் சொன்னேன்ல, அதக் கிழிச்சுப் போட்டுரு.”

வழக்கமாகத் தீர்ப்புச் சொல்லும் அதே குரலில்தான் வந்தது. அந்தக் குரலுக்கு இதுவும் பழகும் என்று தெரிந்தது.

முத்துக்குமரன் வாயைத் துடைத்துக்கொண்டான். முதலில் என்னைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“இவரு சொன்னாரா?”

“சொல்லல. ஏசி ஆபீஸ்ல இருந்து வர்றவரு சட்ட வேர்வையில நனஞ்சு வந்துச்சு. காலருக்குள்ள வேப்பம்பூ. தொவைக்கிறது நான்தானண்ணே.”

“தெரிஞ்சுக்கிட்டா எங்கிட்ட ஆடிட்டுன்ன? கூடப் பொறந்தவன் கிட்டயே பொய் சொல்லுவியா?”

“படத்துல அவளும் கூடப் பொறந்தவன் கிட்டதான சொன்னா,” என்றாள் அஸ்வினி.

“எவ?”

“எழவு வீட்ல.”

“அவ எங்கடி பொய் சொன்னா? அவ வாயவே தொறக்கலையே!”

“அதான்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையை அசைத்தேன். அந்தப் படத்தை எங்கள் ஊரிலேயே அதிகம் தடவை பார்த்தவன், தியேட்டர் வாசலில் தொங்கிய பேனரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்குவாரிச் சண்டை போட்ட பேனர். அதில் அந்தப் பெண் இல்லை.

“இம்புட்டு நாளா சொல்லாமலா இருப்பீங்க ரெண்டு பேரும்,” என்றான் கடைசியில். கோபம் இருந்தது. அதைவிட வருத்தம் இருந்தது. “கடைக்கு வா மாப்ள. கணக்குப் பாக்க ஆளில்லாமத்தான் கிடக்கு.”

“கடைக்கு வாரேன், பிரியாணி சாப்பிட. வேலை நானே பாத்துக்கிறேன். கிடைச்சிரும்.”

“இது எத்தனாவது தீர்ப்பு?” என்றான். அஸ்வினி சிரித்துவிட்டாள். பிறகு அவனும் சிரித்தான். சிரித்து முடித்து, “அடுத்த ஷோவுக்கு டிக்கெட் இருக்கான்னு பாத்துட்டு வாரேன். நீங்க போங்க,” என்று கவுன்ட்டரைப் பார்த்து நடந்தான்.

திங்கட்கிழமை காலையில் அவள் டப்பா கட்டினாள். நான் சட்டையை இன் செய்தேன். அடையாள அட்டை ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைத் தெருவில் இறக்கினேன்.

“போயிட்டு வாரேன்.”

வெளியே கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். இதையும் எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அஸ்வினி கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவள் கேட் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க?” என்றாள்.

எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மலையம்மாள் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான் வண்டியை அணைத்தேன். ஸ்டாண்டு போட்டு இறங்கி, திரும்பி கேட் வரைக்கும் வந்தேன். தல்லாகுளத்தில் எந்த ஆடிட்டரைப் பார்க்கப் போகிறேன், அது கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.